நூறு ரூபாய் அபராதமும் ஓர் உயிரும்

சாலைச் சோதனையில் நிற்காமல் தப்பியோடும் வாகன ஓட்டியைக் காவல்துறையினர் அதிவேகத்தில் துரத்திச் செல்லலாமா? இப்படிக் கேட்டவுடன், "குற்றம் செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்? ஓடுபவனைப் பிடிப்பதுதானே காவலரின் வேலை?" என்ற எண்ணமே நம்மில் பலருக்கும் முதலில் எழும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் துரத்தல் நிகழும் இடம் வெட்டவெளி அன்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், மஃரிப் தொழுகைக்கு நடந்து செல்லும் முதியவர்களும், காய்கறிப் பையுடன் சாலையைக் கடக்கும் தாய்மார்களும் நடமாடும் பொதுவழி அது. ஓடுபவருக்கும் துரத்துபவருக்கும் இடையிலான விவகாரத்தில், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாமவரின் உயிர் பணயமாக வைக்கப்படுகிறது. ஆகவே இக்கேள்வியைக் காவலருக்கு ஆதரவா எதிர்ப்பா என்று பார்க்காமல், உயிரின் மதிப்பை முன்னிறுத்தி நிதானமாக ஆராய வேண்டும் என்பது நமது கருத்து.

துவாக்குடி நமக்குச் சொல்வது

2018 மார்ச் 7ஆம் நாள் மாலை, திருச்சி மாவட்டம் துவாக்குடி சுங்கச்சாவடி அருகே தலைக்கவசச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த கணவனும் மனைவியும் நிற்காமல் சென்றனர். போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் அவர்களைத் தம் வண்டியில் துரத்திச் சென்று, ஓடும் வண்டியை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. இருவரும் சாலையில் விழுந்தனர். மனைவி உயிரிழந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் திருச்சி–தஞ்சாவூர் சாலையை மறித்து அமர்ந்தனர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார். அடுத்த நாள் உலக மகளிர் நாள் என்பதை அன்றைய நாளிதழ்கள் வேதனையோடு குறிப்பிட்டன.

ஆய்வாளர் ஒருவரின் தனிப்பட்ட வெறிச்செயல் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. உதைத்தது தனிமனிதரின் செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் துரத்தலைத் தொடங்குவதற்கு முன், 'எதற்காகத் துரத்துகிறோம்?' என்ற கேள்வி அவர் முன் வைக்கப்பட்டிருந்ததா? அன்று நடைமுறையில் இருந்த மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தலைக்கவசம் அணியாத குற்றத்துக்கு முதல் முறை விதிக்கத்தக்க அபராதம் அதிகபட்சம் 100 ரூபாய். தலைக்கவச விதியே உயிரைக் காப்பதற்காக உருவானது. அந்த விதியை நிலைநாட்டும் முயற்சியில் உயிரையே பறிகொடுக்க நேர்ந்தால், விதியின் நோக்கம் முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது. நூறு ரூபாய்க் குற்றத்தை உயிராபத்தான வழியில் விரட்டலாமா என்று கேட்கும் எழுத்துவடிவ விதி காவலரின் கையில் இருந்திருந்தால், அந்தப் பெண்மணி வீடு திரும்பியிருக்கக்கூடும்.

நம் சாலைகள் ஏற்கெனவே போதிய அளவு உயிர்களைக் காவு வாங்குகின்றன. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவ்வளவு ஆபத்தான சாலைகளில் இன்னொரு பந்தயத்தை நடத்த நமக்கு இடமில்லை.

துரத்தலின் கணக்கு

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, கண்ணிமைக்கும் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு குழந்தை வருவதைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளாகவே அத்தொலைவு முடிந்துபோகும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. துரத்தப்படுபவர் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். துரத்துபவரின் கண்ணோ முன்னால் ஓடும் வண்டியின் மீதே நிலைத்திருக்கிறது. சாலையின் இருபுறமும் நிற்பவர்களை இருவருமே பார்ப்பதில்லை.

இதன் விளைவுகளை மிக விரிவாகப் பதிவு செய்தும் விவாதித்தும் வந்துள்ள நாடு அமெரிக்கா. துரத்தல்களை ஹெலிகாப்டரிலிருந்து தொலைக்காட்சிகள் நேரலையாக ஒளிபரப்பும் நாடும் அதுவே. அரசு ஆவணங்களை ஆராய்ந்து 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, 1979 முதல் 2013 வரை காவல்துறைத் துரத்தல்களில் 11,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் வழியில் சென்றவர்களும், தப்பியோடிய வண்டிகளில் வெறும் பயணிகளாக இருந்தவர்களுமே. 2017 முதல் 2022 வரையிலான ஆறு ஆண்டுகளில் 3,300க்கும் மேற்பட்டோர் இறந்ததை 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழின் பிற்காலப் புலனாய்வு வெளிப்படுத்தியது.

இத்தனை உயிர்களும் கொலைகாரர்களைப் பிடிப்பதற்காகச் செலவாயினவா? இல்லை. சர்வதேசக் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் திரட்டிய துரத்தல் அறிக்கைகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வொன்று, துரத்தல்களில் ஏறத்தாழ 42 விழுக்காடு போக்குவரத்து விதிமீறலால் தொடங்கியவை என்றும், வன்முறைக் குற்றத்துக்காகத் தொடங்கியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும் காட்டியது. காவலர் துரத்தும்போது அவர் மனக்கண்ணில் ஓடுபவர் ஒரு பெருங்குற்றவாளி. பிடித்துப் பார்த்தாலோ பெரும்பாலும் உரிமம் இல்லாதவர், அல்லது வேக வரம்பை மீறியவர்.

சட்டம் அனுமதிப்பது வேறு, தகுவது வேறு

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்விவகாரத்தை இருமுறை ஆழமாக ஆராய்ந்தது. முதல் வழக்கு கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ வட்டாரத்தைச் சேர்ந்தது. 1990இல் மோட்டார் சைக்கிளில் விரைந்த இரு இளைஞர்களைக் காவல் வாகனம் துரத்தியது. துரத்தல் நீடித்தது வெறும் 75 விநாடிகள். மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. பின்னால் வந்த காவல் வாகனம், பின்னிருக்கையில் இருந்த 16 வயதுச் சிறுவன் மீது மோதி அவன் இறந்தான். வண்டியை ஓட்டியவன் அவனல்லன். காவலருக்குத் தீங்கிழைக்கும் நோக்கம் இருந்தாலன்றி அவரை அரசியலமைப்பின்கீழ்ப் பொறுப்பாளியாக்க இயலாது என 1998இல் தீர்ப்பு வந்தது.

இரண்டாவது வழக்கு ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தது. மணிக்கு 55 மைல் வரம்புள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் சென்ற 19 வயது இளைஞரை 2001இல் காவலர்கள் துரத்தினர். இறுதியில் காவல் வாகனம் பின்னிருந்து இடித்ததில் கார் கவிழ்ந்தது. இளைஞருக்குக் கைகால்கள் அனைத்தும் செயலிழந்தன. 2007இல் எட்டு நீதிபதிகள் காவலரின் பக்கம் தீர்ப்பளித்தனர். நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்த வண்டியின் எண் காவலர்களிடம் ஏற்கெனவே இருந்தது; துரத்தலைக் கைவிட்டுப் பின்னர் பிடித்திருக்கலாம் என்பது அவர் சுட்டிய முக்கியமான செய்தி.

இத்தீர்ப்புகள் காவலருக்குச் சட்டப் பாதுகாப்பைத் தருகின்றன. ஆனால் துரத்துவதே சிறந்த வழி என்று அவை சொல்லவில்லை. ஆகுமானது எல்லாம் சிறந்தது ஆகிவிடாது என்பது மார்க்க நூல்களைப் பயின்ற நமக்குப் பழகிய பாகுபாடுதான். அமெரிக்கக் காவல்துறைத் தலைவர்களே இப்பாகுபாட்டை இன்று ஏற்கின்றனர். அந்நாட்டின் காவல் நிர்வாக ஆய்வு மன்றம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தது: வன்முறைக் குற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டும், தப்பியோடுபவரால் மற்றவர்களுக்கு உடனடி ஆபத்தும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் துரத்தல் வேண்டாம் என்பதே அதன் பரிந்துரை. இதைச் சொன்னவர்கள் காவல்துறையின் எதிரிகள் அல்லர். சொந்தக் காவலர்களையும் துரத்தல்களில் பறிகொடுத்தவர்கள்.

மார்க்க அறிஞர்கள் வகுத்த அளவுகோல்

மோட்டார் வாகனங்கள் இல்லாத காலத்தில் தொகுக்கப்பட்ட நம் ஃபிக்ஹுச் சட்டங்களில் நெடுஞ்சாலைத் துரத்தலுக்கு நேரடியான தீர்ப்பைத் தேட முடியாது. ஆனால் தீங்குகளை எடைபோடும் அளவுகோல் அங்கே தெளிவாக உள்ளது. எவருக்கும் தீங்கு இழைக்கலாகாது என்ற நபிவழி அடிப்படையின் மீது சட்ட அறிஞர்கள் பல பொதுவிதிகளை எழுப்பினர். உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பு அவற்றைத் தன் முகப்பிலேயே நிரல்படுத்தியது. அவற்றுள் இரண்டு விதிகள் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒரு தீங்கை அதற்கு நிகரான வேறொரு தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்பது ஒன்று. பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானே புலப்படும். குழந்தையைக் கடத்திக்கொண்டு ஓடும் காரை விட்டுவிடுவது பெரிய தீங்கு. அதைத் தடுக்கத் துரத்தலின் ஆபத்தை ஏற்கலாம். ஆயுதத்தால் ஒருவரை வெட்டிவிட்டு அடுத்தவரைத் தேடிச் செல்பவரையும் அவ்வாறே. தலைக்கவசம் அணியாதவர், காப்பீட்டுச் சான்று இல்லாதவர், சிவப்பு விளக்கைத் தாண்டியவர் ஆகியோர் தப்பிச் செல்வது சிறிய தீங்கு; அதை நீக்கத் தெருவில் நிற்பவரின் உயிரைப் பணயம் வைப்பதோ அதைவிடப் பன்மடங்கு பெரிய தீங்கு. ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பது மனித குலத்தையே அழிப்பதற்கு ஒப்பாகும் என்று திருமறை கற்பித்திருக்கும்போது, இந்தத் தராசில் எது கனமானது என்பதில் ஐயம் இருக்க முடியாது.

ஹிஜ்ரி 36இல் நடந்த ஜமல் போரின்போது, புறமுதுகிட்டு ஓடுபவர்களைத் துரத்த வேண்டாம் என்றும் காயமுற்றவர்களைத் தாக்க வேண்டாம் என்றும் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் தம் படைக்கு ஆணையிட்டதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. போர்க்களத்தின் சட்டத்தை அப்படியே போக்குவரத்துச் சாவடிக்குக் கொண்டுவர நாம் முயலவில்லை. ஆனால் அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது: ஓடுபவரால் இனி ஆபத்து இல்லை என்றானபின் துரத்துவதற்குக் காரணமும் முடிந்துவிடுகிறது. அதிகாரம் கையில் இருக்கும்போதே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது கோழைத்தனம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதங்களுக்கு நமது பதில்

"துரத்தமாட்டார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஓடத் தொடங்குவார்களே!" இதுவே மிக வலிமையான மறுப்பு. 2007ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பும் இதே அச்சத்தைத்தான் முன்வைத்தது. இலண்டன் மாநகரின் அனுபவத்தையும் இங்கே மறைக்கக் கூடாது. மொபெட்டுகளில் வந்து கைப்பேசிகளைப் பறிக்கும் கூட்டங்கள் அங்கே பெருகின. தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் காவலர்கள் துரத்தத் தயங்குவார்கள் என்று அக்கூட்டங்கள் நம்பின. 2018இல் பயிற்சி பெற்ற காவல் ஓட்டுநர்கள் காரால் மொபெட்டுகளை இடித்து நிறுத்தத் தொடங்கினர். தடயம் விடும் திரவங்கள், குறிவைத்த கண்காணிப்பு ஆகியவற்றையும் கையாண்டனர். அக்குற்றங்கள் குறைந்தன.

எனவே ஒருபோதும் துரத்தவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. இலண்டனில் அதைச் செய்தவர்கள் தனிப்பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேலதிகாரியின் மேற்பார்வை அவர்களுக்கு இருந்தது. இலக்கு வன்முறைப் பறிப்புக் கும்பல்கள். சாவடியில் வெயிலில் நின்று களைத்த காவலர் ஒருவர், பயிற்சியும் அனுமதியுமின்றி, ஆத்திரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு பாய்வதற்கு அது முன்னுதாரணம் ஆகாது.

நம் ஊர்களில் பெண்களை நடுங்க வைப்பது சங்கிலிப் பறிப்பு. கழுத்தில் கிடக்கும் தாலிச் செயினையோ கருகமணியையோ இழுக்கும்போது கீழே விழுந்து உயிருக்குப் போராடிய தாய்மார்கள் உண்டு. இது அற்பக் குற்றமன்று. பறித்தவன் மறுநாள் இன்னொருத்தியைத் தேடிப் போவான். இத்தகையோரைப் பின்தொடரக் காவல்துறைக்கு உரிமை உண்டு. ஆனால் அங்கும் வரம்பு வேண்டும். நெரிசலான கடைத்தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் துரத்தலைக் கைவிட்டு, அடுத்த சந்திப்புக்கு வயர்லெஸ்ஸில் தகவல் தருவதே முறை. மீட்கப்படும் ஐந்து பவுன் சங்கிலிக்கு ஈடாக நடைபாதையில் ஒரு பிள்ளையின் உயிர் போகுமானால், சங்கிலியைப் பறிகொடுத்த அந்தத் தாயே அதை விரும்பமாட்டார்.

குடித்துவிட்டு லாரி ஓட்டுபவரைப் பற்றிக் கேட்கலாம். அவர் துரத்தப்படாவிட்டாலும் ஆபத்தானவர். ஆனால் பின்னால் சைரன் ஒலித்தால் அவர் நிதானம் அடைவதில்லை, வேகத்தைக் கூட்டுகிறார். தென் கரோலைனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஆல்பர்ட், தப்பியோடிப் பிடிபட்டவர்களிடம் நேரில் பேசி ஆராய்ந்தார். பின்னால் காவல் வாகனம் வரவில்லை எனத் தெரிந்திருந்தால் வேகத்தைக் குறைத்திருப்போம் என்று அவர்களில் பெரும்பாலோர் கூறினர். எனவே முன்னால் உள்ள சாலையைக் காலி செய்து, சுங்கச்சாவடியிலோ தடுப்பு அமைத்த இடத்திலோ மறிப்பதே பாதுகாப்பான வழி.

ஓடுபவர் எல்லாம் குற்றவாளி அல்லர்

ஓடுவதே குற்றத்தின் ஒப்புதல் என்று கருதுவோர் பிரான்ஸின் கிளிஷி-சூ-புவா நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே வாகனம் இல்லை, கால்நடையாகத்தான் ஓடினர். ஆனால் ஓட்டத்தின் காரணம் ஒன்றே. 2005 அக்டோபர் 27ஆம் நாள், ரமளான் மாதம். பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த குடியேறிய குடும்பங்களின் சிறுவர்கள் காவலர்களைக் கண்டு ஓடினர். அவர்களில் மூவர் மின் துணைநிலையம் ஒன்றுக்குள் ஒளிந்தனர். 17 வயதினர் ஒருவரும் 15 வயதினர் ஒருவரும் மின்சாரம் தாக்கி இறந்தனர். மூன்றாமவர் தீக்காயங்களோடு தப்பினார். பிரான்ஸ் முழுதும் மூன்று வாரங்கள் கலவரம் பரவி, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. வழக்கில் சிக்கிய இரு காவலர்களும் 2015இல் விடுதலை செய்யப்பட்டனர். அச்சிறுவர்கள் திருடர்கள் அல்லர். விசாரணைக்கு அழைத்துச் சென்றுவிடுவார்களோ, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு சேர முடியாதோ என்ற அச்சமே அவர்களை ஓடவைத்தது.

நம் ஊரிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. உரிமம் இல்லாத பதினேழு வயதுப் பையன், வாப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று ஓடுகிறான். கடன் வாங்கிய வண்டியில் வந்தவர், ஆர்.சி. புத்தகம் கையில் இல்லாததால் ஓடுகிறார். தினக்கூலித் தொழிலாளி, ஒரு நாள் கூலியை அபராதமாகக் கட்ட அஞ்சி ஓடுகிறார். பெயரைக் கேட்டதும் தன்னை வேறு விதமாக நடத்துவார்களோ என்ற கலக்கத்தில் ஓடும் நம் இளைஞர்களும் உண்டு. இவை எவையும் ஓட்டத்தை நியாயப்படுத்தா. ஆனால் இவற்றில் எதுவும் மரண தண்டனைக்குரிய குற்றமும் அன்று.

துரத்தாமல் பிடிக்கும் வழிகள்

விட்டுவிடுவது வேறு, பின்னர் பிடிப்பது வேறு. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அந்த வண்டி எங்கும் மறைந்துவிடப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, குற்றம் நடந்த வேளையில் வண்டியை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தருமாறு உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்கியுள்ளது. மின்னணு அபராதச் சீட்டு இன்று கைப்பேசிக்கே வந்து சேருகிறது. எண்பலகையைத் தானே படிக்கும் கேமராக்கள் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நிறுவப்பட்டுள்ளன.

அண்டை மாநிலமான கேரளத்தின் உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் இதையே அறிவுறுத்தியது. தலைக்கவசம் அணியாத ஓட்டிகளைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. சாலையின் நடுவே பாய்ந்து மறிக்கவும் கூடாது. கேமரா முதலான நவீனக் கருவிகளைப் பயன்படுத்தி வண்டி எண்ணைக் கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சாலையில் பாய்ந்து மறிக்கும் காவலரின் உயிருக்கும் அதே ஆபத்து உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. அவரும் ஒரு வீட்டின் வாப்பா. ஒரு தாயின் மகன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இரு முனைகளிலும் செயல்பட்டது. துரத்தலுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதே வேளையில், காவலர் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் செல்வதற்கான தண்டனையை உயர்த்தி, வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தையும் சேர்த்தது. ஓடியவருக்குத் தண்டனை நிச்சயம் வரும். ஆனால் அது சாலையில் அன்று, நீதிமன்றத்தில் வரும். இதுவே நாமும் வேண்டும் நடைமுறை.

தமிழ்நாட்டுக் காவல்துறை எழுத்துவடிவில் தெளிவான விதி ஒன்றை வகுத்து மக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் குற்றத்துக்கு மட்டுமே துரத்தல். அதற்கும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி. எந்த நொடியிலும் துரத்தலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மேலதிகாரிக்கு. நிறுத்திய காவலர் மீது எந்த நடவடிக்கையும் இல்லை என்ற உறுதி. ஓடும் வண்டியைக் காலாலோ லத்தியாலோ தொடுவதற்கு முழுத் தடை. இதில் பெரும் செலவு ஏதும் இல்லை. தேவைப்படுவது ஓர் ஆணையும் அதை நடைமுறைப்படுத்தும் உறுதியும் மட்டுமே.

நம் வீடுகளின் பங்கு

காவல்துறையிடம் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. ஓட வேண்டிய நிலையில் நம் பிள்ளைகளை நிறுத்தாதிருப்பது நம் கடமை. ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்தபின்பும், பெருநாள் மாலையிலும் ஒரே வண்டியில் மூன்று சிறுவர்கள் பறப்பதைக் காணாத ஊர் அரிது. வளைகுடாவில் உழைக்கும் தந்தை, மகன் பிளஸ் டூ முடிக்கும் முன்பே வண்டி வாங்கித் தர உம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார். அன்பின் அடையாளமாக வரும் அந்த வண்டியோடு உரிமமும் தலைக்கவசமும் வருவதில்லை.

சட்டம் இதில் பெற்றோரையே முதலில் பிடிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிறைவடையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. மகனுக்கு வெளிநாட்டில் ஓட்டுநர் வேலை வாங்கித் தரும் கனவோடு இருக்கும் குடும்பங்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இன்றே சொல்ல வேண்டியவை சில உண்டு. சீருடையில் உள்ள காவல் அதிகாரி கைகாட்டினால் வண்டியை நிறுத்து. அது சட்டம் விதிக்கும் கடமை. ஆவணம் இல்லையென்றால் இல்லை என்று சொல். அபராதத்தை நாங்கள் கட்டிக்கொள்வோம். நடத்தப்பட்ட விதம் தவறென்றால் காவலரின் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள். முறையீடு செய்ய வழி உண்டு. எந்தத் தவறுக்காகவும் ஓடாதே. எங்கள் கோபத்துக்கு அஞ்சியும் ஓடாதே. கடைசிச் சொல்லைப் பிள்ளை நம்ப வேண்டுமென்றால், சிறு தவறுக்கும் அடிக்கும் பழக்கம் வீட்டில் இல்லாதிருக்க வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளும் இதில் பங்காற்றலாம். ஜும்ஆ உரைகளில் சாலையின் உரிமைகளைப் பற்றிப் பேசலாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றால், பாதையில் தானே இடையூறாக ஆகிவிடாதிருப்பது எவ்வளவு முக்கியம்! பெருநாளுக்கு முன் வட்டாரக் காவல் ஆய்வாளரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து இளைஞர்களோடு பேசச் செய்யலாம். அறிமுகமான முகத்தைக் கண்டு ஓடுபவர் குறைவு. அறிமுகமான பிள்ளையைக் காலால் உதைக்கத் துணிபவரும் குறைவு.

நிற்பது ஓட்டியின் கடமை. நிற்காதவரையும் உயிரோடு சட்டத்தின் முன் நிறுத்துவது காவலரின் கடமை. இன்று தப்பியவரை நாளை பிடிக்கலாம். இறந்தவரை எந்தச் சட்டத்தாலும் மீட்க முடியாது. நம் சாலைகளில் செல்லும் ஒவ்வொருவரும் மாலையில் தம் வீட்டாரிடம் பத்திரமாகத் திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. அதற்கு நம்மால் இயன்றதை நாம் செய்யவும் அவனே துணைநிற்பானாக.